கட்-ஆஃப் எண்பத்தெட்டரை

இயந்திரம் கேட்கும் முதல் கேள்வியிலேயே எங்கள் மாவட்டத்து ஆட்கள் ஆறு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டுவிடுவார்கள். கேள்வி ஒன்றும் கடினமானதில்லை. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கும், அவ்வளவுதான். நெற்றியில் அளவெடுக்கும் பட்டையும் விரல் நுனியில் கவ்வியும் மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பவர், மூன்று மாதமாகப் பொட்டுத் தூக்கம் இல்லாதவராக இருந்தாலும், “நல்லா இருக்கறனுங்க” என்பார். சிலர் அதோடு விட மாட்டார்கள். “நீங்க சாப்டாச்சுங்களா?” என்று இயந்திரத்தைத் திருப்பி விசாரிப்பார்கள். அதற்கு இன்னும் இரண்டு போகும்.

உடுப்பில் வேறு கொஞ்சம் போகும். அரசாங்கக் காரியமாகப் போகிறோம் என்று விடியற்காலையில் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய், சலவை மடிப்புக் கலையாத சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக வந்து உட்காருவார்கள். இயந்திரத்தின் கண்ணுக்கு அவர்கள் கல்யாண வீட்டுக்கு வந்தவர்களாகத் தெரிவார்கள். வாழ்க்கை வெறுத்துப்போனவர் என்று சான்றிதழ் வாங்கப் போகும்போது அழுக்கு வேட்டியோடு போகலாம் என்பதை எங்கள் ஆட்களுக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில்.

என் பெயர் தரணீஷ். நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தினேன். பிள்ளைகளை அதிகாலை நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைத்து, கட்-ஆஃபைத் தாண்ட வைத்து அனுப்புகிற பள்ளி. பிறகு ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் ஒரு வாத்தியார் இயந்திரம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது அடிக்காது, திட்டாது, சம்பளமும் கேட்காது. பள்ளியை மூடினார்கள். காலியாகக் கிடந்த விடுதியின் இரண்டாம் மாடியை என் மைத்துனன் மோகித் வாடகைக்குப் பிடித்து, ‘மனச்சுமைத் தேர்வுப் பயிற்சி மையம்’ என்று பலகை மாட்டினான். பாடம்தான் வேறு, கட்-ஆஃப் அதே கட்-ஆஃப்தான், தைரியமாக வாருங்கள் மாமா என்றான். வேறு போக்கிடம் இல்லாததால் போய்விட்டேன்.

தன்ஷிகா எங்களிடம் வந்தது ஒரு பிப்ரவரியில். நாற்பத்து மூன்று வயது. எங்கள் தலைமுறைக்கு எல்லாம் இப்படித்தான் பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்தது, தலை நரைத்த பிறகும் குழந்தைப் பெயராகவே இருக்கிறது. கூட வந்த கணவர் சர்வேஷ், வள்ளிபுரத்தில் லாரிக்குக் கூடு கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர். அவர்தான் பேசினார். தன்ஷிகா ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை இரண்டு மூன்று நாளாக வாரப்படாமல் சிக்குப் பிடித்திருந்தது.

“டிசம்பர்ல எழுதுனாங்க சார். எம்பத்தாறு. ரெண்டரை மார்க்குல போயிருச்சுங்க,” என்றார் சர்வேஷ். இருபத்திரண்டு வருடம் பெற்றோர்கள் வாயில் நான் கேட்ட அதே குரல்.

எண்பத்தாறு என்பது பெரிய மதிப்பெண். சும்மா பயிற்சிக்கு வருகிறவர்கள் அறுபதைத் தொடவே முக்குவார்கள். எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன். முதல் கேள்விக்கு இவர் நாலு நிமிடம் பதிலே சொல்லவில்லையாம். மௌனத்துக்கு இயந்திரம் நன்றாகவே மதிப்பெண் போடும்.

“அப்புறம் எங்க சார் போச்சு?” என்று சர்வேஷ் மதிப்பெண் சீட்டை எடுத்து நீட்டினார்.

“நூத்துல அறுவது, ஒடம்பு சொல்றதுக்குங்க. நாடி, மூளை, தூக்கம், எல்லாத்தையும் பட்டை படிச்சுக்கும். அங்க நடிக்க முடியாது. முப்பது, வாய் சொல்றதுக்கு. மிச்சம் பத்து, காரணத்துக்கு. சாவு, கடன், பிரிவு, இந்த மாதிரி. உங்க வீட்ல ஒடம்புல அம்பத்தெட்டு, வாயில இருபத்தெட்டு. காரணத்துல சைபர்,” என்றேன்.

சீட்டின் கடைசி வரியில், ‘அண்மைக் காரணம்: ஏதுமில்லை’ என்று அச்சாகியிருந்தது.

“அதாங்க சார் எங்களுக்கும் வெளங்கல. ஊட்ல ஒரு கொறையும் இல்லீங்க. பொண்ணுக ரெண்டும் நல்லாப் படிக்குதுக. நான் குடிக்கறதும் இல்லீங்க.” குடிக்காததால் பத்து மதிப்பெண் போய்விட்டது போல அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தன்ஷிகா வெளியே போய் நின்ற பிறகு அவர் குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னார். தை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், இட்லி மாவுக்கு அரிசி ஊறப் போட்டுவிட்டுப் போன மனைவி மோகனூர் ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றிருக்கிறார். சொந்தக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி என்ன அம்மிணி என்று கேட்டதற்கு, நல்லா இருக்கறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் விடாப்பிடியாக வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார். அன்றிலிருந்து சர்வேஷ் பட்டறைக்கு அரை நாள்தான் போகிறார்.

ஏன் தேர்வு எழுத வேண்டும், நேராக டாக்டரிடம் போகக் கூடாதா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். போகலாம். சேலத்தில் மனித டாக்டர் இருக்கிறார். அவர் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார, சர்வேஷ் இருபது நாள் பட்டறையில் இரும்பு வளைக்க வேண்டும். வாரம் ஒரு தடவை உட்கார வேண்டும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்ற பலகைக்குக் கீழே இப்போது ஒரு திரையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் இருக்கின்றன. மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் என்று திரை சொல்லும். மனச்சுமை அட்டை கிடைத்தால் மட்டும் மனித டாக்டர், மாத்திரை, எல்லாமே இரண்டு வருடத்துக்கு இலவசம். திட்டம் நல்ல திட்டம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு தேர்வுக்கு இருநூறு அட்டைதான். வருத்தப்படுகிறவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள் என்பது தெரிய வந்ததும் கட்-ஆஃப் வைத்தார்கள். முதல் வருடம் எழுபது. எங்களைப் போலப் பயிற்சி மையங்கள் வந்த பிறகு எழுபத்தெட்டு, எண்பத்து நான்கு என்று ஏறி, டிசம்பரில் எண்பத்தெட்டரையில் நின்றது. தன்ஷிகாவின் அட்டையை நாங்கள்தான் வேறு யாருக்கோ வாங்கிக் கொடுத்தோம் என்று சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம் என்பதும் முழு உண்மையில்லை. எங்கள் மையத்திலிருந்து அதுவரை ஒருவர்கூடத் தேறியிருக்கவில்லை.

அதற்குக் காரணம் என் பாடத்திட்டம்.

பட்டையிடம் நடிக்க முடியாது என்பதால் உண்மையிலேயே உள்ளே போய் வலியைத் தொட்டால்தான் மதிப்பெண் என்று நான் கணக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பதினோரு பேரையும் பழைய படிப்பறையில் வட்டமாக உட்கார வைப்பேன். ஒவ்வொருவராகப் பேச வேண்டும். யாரும் குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, எனக்கும் இப்படித்தான் என்று ஆரம்பிக்கக் கூடாது. நான் ‘அப்புறம்?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். பதினொன்றரைக்கு மோகித் டீயும் போண்டாவும் கொண்டு வருவான். மாதம் ஒரு தடவை, மருத்துவமனை ஏலத்தில் எடுத்த பழைய பட்டையை மாட்டி மாதிரித் தேர்வு வைப்போம்.

மதிப்பெண் ஏற வேண்டும். இறங்கிக்கொண்டே போனது. நிதின் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுபத்து நாலில் சேர்ந்தார். செத்துப்போன மனைவியோடு முப்பது வருடத்தில் ஒரு வேளைகூடச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதை எங்கள் படிப்பறையில்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். சொல்லி அழுதார். மூன்றாம் மாதம் ஐம்பத்தொன்றில் வந்து நின்றார். பரிதாபமான தோல்வி. மனிதருக்கு வெட்கமே இல்லை, அடுத்த பேட்ச்சுக்கும் முதல் ஆளாகப் பணம் கட்டினார். தோற்றவர்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. பாதிப் பேர் போண்டா நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னார்கள்.

மோகித்துக்கு வயிறு எரிந்தது. திருச்செங்கோட்டில் ஒருவர் மாணவர்களை மூன்று நாள் பட்டினி போட்டு, தூங்க விடாமல், சொந்தக்காரர்களை விட்டுத் திட்ட வைத்துப் பத்தொன்பது பேரைத் தேற வைத்திருந்தார். அவர்களுடைய ஃபிளெக்ஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்றது.

“மாமா, இது கோச்சிங் சென்டரா, வேற ஏதாச்சுமா?” என்றான். “வர்றவங்க அத்தன பேரும் கொணமாயிட்டே போறாங்க. கொணமாக்க நம்மகிட்ட லைசென்ஸ் இல்ல.”

எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. இயற்பியலில் நான் ஒரு பையனைக்கூட ஃபெயில் ஆக விட்டதில்லை.

தன்ஷிகா முதல் நாலு ஞாயிறு வாயே திறக்கவில்லை. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவர் முறை வந்தபோது வழக்கம்போல அடுத்தவரைப் பார்த்தேன். அப்போது பேசினார்.

“சீப்பை எடுத்தா கைய மேல தூக்க முடியறதில்லீங்க,” என்றார். “வலி எல்லாம் இல்லீங்க. தூக்கி என்ன ஆவோணும்னு இருக்குமுங்க. வெசனத்துக்கு ஒரு காரணம் இருந்தாச் சொல்லலாம். எங்கம்மா, எங்கூட்டுக்காரரு அக்கா, கோயலு பூசாரி மொதக்கொண்டு எல்லாரும் உனக்கு என்னடி கொறைன்னு கேக்கறாங்க. எனக்கும் தெரியலீங்க. தெரியாததுனால பேசறதையே உட்டுட்டனுங்க.”

‘அப்புறம்?’ என்றேன். சொன்னார். நிறுத்தி நிறுத்தி ஒரு மணி நேரம் சொன்னார். பாலத்தைப் பற்றியும் சொன்னார். அன்றைக்கு மற்றவர்களின் முறை போய்விட்டது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் தேர்வை மறந்துபோனேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் பேசுவதை எதற்காகவும் இல்லாமல் அப்படி நான் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மே மாதம் மாதிரித் தேர்வில் அவருக்கு எழுபத்தொன்பது வந்தது. ஏழு மதிப்பெண் குறைந்திருந்தது. எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிடம் காலண்டரைப் பார்த்தேன். தேர்வுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான்.

என் பழைய மாணவி அக்‌ஷரா சேலத்தில் மனநல டாக்டராக இருக்கிறாள். அவளுக்குப் போன் செய்து, நிதின் ஐயா, பாலம் எல்லாவற்றையும் சொல்லி, இந்த வேகத்தில் போனால் ஆறு மாதத்தில் அட்டையே தேவைப்படாது அல்லவா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“எழுவத்தொம்பதுங்கறது இன்னும் பாலத்து மேலதான் சார். தலைமையாசிரியருக்குப் பேச்சு போதும். இவங்களுக்குப் பத்தாது. உங்க வகுப்பு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தாங்கும். மிச்ச ஆறு நாளுக்கு மருந்து வேணும், பக்கத்துல வச்சுப் பாக்க ஆள் வேணும்.”

நீயே பார்த்துவிடேன் அம்மா, பணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டச் சொல்கிறேன் என்றேன். அவளுடைய மருத்துவமனையில் கதவு திறப்பதே நோயாளியின் பில் எண்ணுக்குத்தானாம். இலவசமாக ஒருவரை உள்ளே விட்ட டாக்டரைப் போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பினார்களாம். “நானே டிசம்பர்ல எழுதினேன் சார். எம்பத்தொண்ணு,” என்றாள். வைத்தியம் செய்கிற பெண்ணுக்கு வைத்தியம் செய்துகொள்ள வசதியில்லை. எந்தப் பயிற்சி மையத்துக்கும் போகவில்லையா என்று கேட்க வாய் வரை வந்தது, விட்டுவிட்டேன்.

ஆக, தன்ஷிகாவுக்கு அட்டை வேண்டும். அட்டைக்கு அவர் எண்பத்தெட்டரைக்கு மேல் போக வேண்டும். மேலே போவதற்கு நான் அவரைக் கீழே இறக்கிய வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கூடவே அந்தப் பத்து மதிப்பெண் காலியாகக் கிடந்தது, ஒரு காரணத்துக்காகக் காத்துக்கொண்டு. இயற்பியல் வாத்தியாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

முதலில் சர்வேஷைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். தேர்வு முடிகிற வரை பட்டறையைப் பூட்டிவிட்டு மனைவியை விட்டு ஓர் அடி நகரக் கூடாது என்றேன். பிள்ளைகளையும் மாற்றி மாற்றிக் கூடவே இருக்கச் சொன்னேன். முக்கியமாக, நான் செய்யப் போவது எதற்கென்று மனைவிக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் பட்டைக்கும் தெரிந்துவிடும். அவர் கையிலிருந்த சாவிக் கொத்தைப் பார்த்தார்.

“வேற வழியே இல்லீங்களா சார்?”

இல்லை என்றேன். சரிங்க என்று எழுந்துகொண்டார்.

தேர்வுக்கு ஒன்பது நாள் முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை, தன்ஷிகா தன் முறைக்குக் காத்திருக்காமல் தானாகவே ஆரம்பித்தார். அதுவரை அப்படி நடந்ததில்லை. சின்னவள் அன்று காலையில் தலை வாரிப் பூ வைத்து விட்டாளாம். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ மாதிரி இருந்ததாம். அதைச் சொல்லும்போது உதட்டோரத்தில் லேசாகச் சிரித்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“போதுங்க,” என்றேன். “இங்க வந்திருக்கறவங்க எல்லாம் நெஜமாவே கஷ்டத்துல வந்திருக்காங்க. உங்களுக்கு என்ன கொறை? வீடு இருக்கு, நல்ல புருசன் இருக்காரு. நீங்க எதுக்கு வர்றீங்கன்னே எனக்கு வெளங்கல. அடுத்தவங்க சொல்லுங்க.”

அடுத்தவர் சொல்லவில்லை.  நிதின் ஐயா எழுந்து, தரணீஷ் நீ என்ன பேசுகிறாய் என்று கேட்டார். வகுப்பு என்னுடையது, நடத்தத் தெரியும் என்று அவரையும் உட்கார வைத்தேன். தன்ஷிகா முகத்தில் கோபம் வரவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. இது எப்போது வரும் என்று இத்தனை வாரமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர் போல மெதுவாகத் தலையை ஆட்டினார். பிறகு பூவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். டீ வந்தது, குடிக்கவில்லை.

அந்த ஒன்பது நாளும் காலையிலும் மாலையிலும் சர்வேஷுக்குப் போன் போட்டேன். சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், பக்கத்திலேயே இருக்கிறேன் என்பார். ஆறாம் நாள், “போதுமுங்க சார், உண்மையச் சொல்லிப் போடலாமுங்க” என்று அழுதார். நான் இன்னும் மூன்று நாள்தான் என்றேன். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறேன், அவர்களில் சிலர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை அந்த மூன்று நாளில்தான் யோசித்தேன்.

முடிவு வந்தது. தொண்ணூற்று நான்கரை. மாவட்டத்தில் முதல் இடம். கட்-ஆஃப் இந்த முறை தொண்ணூறு.

மோகித் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மறுநாளே ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. ஏதோ கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்த தன்ஷிகாவின் முகம், பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, கீழே ‘மனச்சுமை 94.5, மாவட்ட முதலிடம், எங்கள் மாணவி’. அந்த வாரம் இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். ராசிபுரத்திலிருந்து ஒருவர் மகளைக் கூட்டி வந்து, அந்த அம்மாவுக்குச் செய்த மாதிரியே இவளுக்கும் செய்துவிடுங்கள் என்றார். மோகித் ஏற்கெனவே கால அட்டவணை போட்டு அச்சடித்து வைத்திருந்தான். முதல் மூன்று மாதம் ‘கேட்டல்’. கடைசி ஒன்பது நாள் ‘கேளாமை’. அந்தத் தாளை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். கிழித்துப் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முடிவு வந்து பத்தாம் நாள் தன்ஷிகா வந்தார். சர்வேஷ் கீழே வண்டியிலேயே இருந்தார். அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. தேறியவர்களை முடிவு வந்த பதினைந்தாம் நாள் மறுபடி பட்டை மாட்டிச் சரிபார்ப்பார்கள். அதில் கட்-ஆஃபுக்குக் கீழே வந்தால் அட்டை ரத்து. திருச்செங்கோட்டுக்காரரின் ஆட்கள் பாதிப் பேர், பட்டினி முடிந்து நாலு வேளை சாப்பிட்டதும், அங்கேதான் கவிழ்வார்கள்.

சீட்டை மேசையில் வைத்துக் கடைசி வரியை விரலால் காட்டினார். ‘அண்மைக் காரணம்: நம்பிய ஒருவர் கைவிட்டது. ஒன்பதரை.’

“அங்க உக்காந்து இதைச் சொல்லும்போதே எனக்கு வெளங்கிருச்சுங்க சார்,” என்றார். “நீங்க மார்க்குக்காகத்தான் அப்படிப் பேசுனீங்க.”

 அவர் குரலில் ஏதோ ஒன்று தளரத் தொடங்கியிருந்தது. இன்னும் ஐந்து நாள் இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. அப்படிப் பேசறதுக்கு முந்தி, சீப்பைப் பத்திச் சொன்னன் இல்லீங்களா, அன்னிக்கு ஒரு மணி நேரம் கேட்டுட்டு இருந்தீங்க. அதுவும் பரீட்சைக்குத்தானுங்களா?”

உண்மையைச் சொல்ல எத்தனை சொற்கள் வேண்டும்? ஒன்று போதும். அந்த ஒன்றைச் சொன்னால் இந்தப் பெண் இங்கேயே உட்கார்ந்து அழுவார். அழுது முடித்து டீ குடிப்பார், தூங்குவார், ஐந்தாம் நாள் எண்பதில் போய் நிற்பார். பிறகு டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை. என் படிப்பறையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் இருக்கும். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

“ஆமாங்க,” என்றேன். “அதுவும் பரீட்சைக்குத்தான்.”

சரிங்க சார் என்றார். சீட்டை நாலாக மடித்தார். படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது, நடுவில் ஓர் இடத்தில் நின்று மறுபடி கேட்டது. நான் சர்வேஷுக்குப் போன் போட்டு, இந்த ஐந்து நாளும் கண்ணை இமைக்காதீர்கள் என்றேன்.

சரிபார்ப்பில் தொண்ணூற்று ஆறரை. அட்டை வந்துவிட்டது. டாக்டர் ஒதுக்கப்பட்டார், மாத்திரை ஆரம்பமானது. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, இரண்டாம் மாதம் தூக்கம் வந்தது என்று சர்வேஷ் சொன்னார். இனி இரண்டு வருடத்துக்கு யாரும் பட்டை மாட்டப் போவதில்லை, சொல்லிவிடலாம் என்றும் அவரே சொன்னார். நான் ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு புதன்கிழமை வள்ளிபுரம் போனேன்.

தன்ஷிகா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை படிய வாரியிருந்தது, கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வாங்க சார் என்று எழுந்து, நாற்காலி எடுத்துப் போட்டு, மோர் கொண்டு வந்து கொடுத்தார். ஒரு குறையும் வைக்கவில்லை.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அந்த ஒரு மணி நேரமும் நான் தேர்வை நினைக்கவே இல்லை. கைவிட்டது பொய், ஆமாங்க என்று சொன்னது அதைவிடப் பெரிய பொய், இரண்டும் அட்டைக்காக. கேட்டது மட்டும் நிஜம். இதைச் சொல்ல மூன்று மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேன் என்றேன்.  பிறகு மோரைக் குடித்தேன்.

அவர் குறுக்கே பேசாமல், முகத்தைத் திருப்பாமல், கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் காலி டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு, கோபமோ கேலியோ இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற குரலில் கேட்டார்.

“இது எந்தப் பரீட்சைக்குங்க சார்?”